மெஷின் தானாக ஓடினால் ஆபரேட்டருக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேத், மில்லிங், கிரைண்டிங் என்று உலோகம் வெட்டும் மெஷின்களில் நிற்கிறவர்களும், அந்த வேலைக்கு வரலாமா என்று யோசிக்கிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் கை லேத்தில் தொடங்கி, சிஎன்சி எனப்படும் கணினி மெஷின்களை வேலைக்கு அமைத்துக் கொடுக்கும் செட்டர் ஆனவன். அதனால் பதில்களில் கொஞ்சம் கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) வாடை அடிக்கும்.

ஒரே வரியில் சொல்லுங்கள். எங்கள் வேலை போகுமா, போகாதா?

ஒரே வரியில் முடியாது, இரண்டு மூன்று வரி தருகிறேன். ஜாபை, அதாவது வெட்ட வேண்டிய துண்டை, அதைப் பிடிக்கும் சக்கில் மாட்டுவது, பட்டனை அமுக்குவது, முடிந்ததும் கழற்றித் தட்டில் அடுக்குவது. இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால் அது போய்க்கொண்டிருக்கிறது. அந்த மெஷினை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருவதும், ஓட்டம் கெட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பதும் உங்கள் வேலை என்றால், உங்களைத் தேடிக்கொண்டு வருவார்கள். வம்பு எங்கே இருக்கிறது என்றால், இரண்டாவது வகை ஆள் ஒவ்வொருவரும் ஒருகாலத்தில் முதல் வகை ஆளாக இருந்தவர்தான். இதற்கு மறுபடியும் வருகிறேன்.

ஆட்டோமேஷன் கம்ப்யூட்டரோடு வந்ததுதானே?

இல்லை. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. பழைய கடைசல்காரர் உளியைக் கையில் பிடித்து, தாங்கியில் அழுத்தி வெட்டினார். அளவு அவருடைய தோளிலும் மணிக்கட்டிலும் இருந்தது. 1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி உளியை ஒரு ஸ்லைடில் இறுக்கிப் பொருத்தி, அதை லீட் ஸ்க்ரூ என்ற நீண்ட திருகால் நகர்த்தும் மரைவெட்டும் லேத்தைச் செய்தார். ஒரே அளவான மரையைத் திரும்பத் திரும்பப் போட முடிந்தது. கை நடுங்காமல் பிடிக்கும் திறமைக்கு அன்றே விலை குறைந்துவிட்டது. இன்று நாம் ‘பழைய கை லேத்’ என்று பாசத்தோடு சொல்வதே அந்தக் காலத்து ஆட்டோமேஷன்தான்.

1873-இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் ஸ்க்ரூ செய்யும் தானியங்கி லேத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு உருளையில் பொருத்திய கேம்கள் (டூலைத் தள்ளி நகர்த்தும் மேடுகள்) சுற்றச் சுற்ற, டூல்கள் தம் முறைப்படி வந்து வெட்டிவிட்டுப் போகும். அதாவது, புரோகிராமை உலோகத்தில் செதுக்கி வைத்திருந்தார். கம்பியை ஊட்டினால் போதும், ஸ்க்ரூ விழுந்துகொண்டே இருக்கும். கேமை அமைக்கிறவர் ஒருவர், ஓடுவதைப் பார்த்துக்கொள்கிறவர் இன்னொருவர் என்று வேலை இரண்டாகப் பிளந்தது அங்கேதான். செட்டர், ஆபரேட்டர் என்று இன்று பட்டறையில் சொல்கிறோமே, அந்தப் பிளவுக்கு நூற்றைம்பது வயது.

எண்களால் ஓட்டும் முறை அதற்குப் பிறகு வந்தது. ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ், வளைவின் புள்ளிகளைக் கணக்கிட்டு அந்த எண்களாலேயே மெஷினை நகர்த்தினால் என்ன என்று யோசித்தார். 1949-இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் மெஷினைக் காட்டினார்கள். 1970-களில் மைக்ரோபிராசசர் வந்து கட்டுப்பாட்டுப் பெட்டி மலிவான பிறகுதான் அது சிறு பட்டறைகளுக்கும் பரவியது.

ஆபரேட்டர் கையால் செய்வதையே பதிவு செய்து ஓட்டும் முறை ஒன்று இருந்ததாமே?

இருந்தது. 1940-களின் இறுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அதைச் செய்து பார்த்தது. தேர்ந்த மெஷினிஸ்ட் முதல் ஜாபைத் தன் கையால் வெட்டுவார். மெஷினின் அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும். அடுத்த ஜாபுக்கு நாடாவை ஓட்டினால் மெஷின் அவர் செய்ததைத் திருப்பிச் செய்யும்.

இந்த வழி நிலைத்திருந்தால் புரோகிராமர் என்று தனியாக ஒருவர் வந்திருப்பாரா என்பதே சந்தேகம். மெஷினிஸ்டே புரோகிராமராக இருந்திருப்பார். ஆனால் விமானப்படைக்கு வேண்டியிருந்தவை கையால் வெட்டவே முடியாத முப்பரிமாண வளைவுகள். அவற்றை யார் முதலில் வெட்டிக் காட்டுவது? தொழில்நுட்பக் காரணம் இது. இன்னொரு காரணத்தையும் சொல்கிறார்கள்: வேலையின் வேகத்தை மெஷினிஸ்டின் கையில் விட்டுவைக்க நிர்வாகங்கள் விரும்பவில்லை. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு தொழில்நுட்பம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மெஷின் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் தொழிலில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இன்று கோபாட் எனப்படும் சிறு ரோபோக்களை, கையைப் பிடித்து நகர்த்தித்தான் பழக்குகிறோம். தூக்கி எறிந்த யோசனை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு மெஷின் ஷாப்பில் எந்த வேலை முதலில் போகிறது?

மாட்டுவதும் கழற்றுவதும்தான் முதலில். கம்பியில் செய்யும் ஜாப் என்றால் கம்பியைத் தானே ஊட்டும் பார் ஃபீடர் வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். அச்சு வார்ப்பு, ஃபோர்ஜிங் துண்டுகளுக்கு ரோபோ கை வரும். அப்புறம் அளவு பார்ப்பது. மெஷினுக்குள்ளேயே தொட்டுப் பார்த்து அளக்கும் புரோப் இருந்தால், மைக்ரோமீட்டரோடு நின்று ஐந்து ஜாபுக்கு ஒருமுறை அளக்கும் ஆள் வேண்டியதில்லை. அதற்குப் பிறகு டூல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்காணிப்பது.

மெதுவாகப் போகிறவை: ஜாபை எப்படிப் பிடிப்பது என்று முடிவு செய்வது, முதல் ஜாபைச் சரியாக எடுப்பது, இரண்டே இரண்டு வேண்டும் என்று வரும் அவசர வேலை, பழைய மெஷினின் உடைந்த பாகத்தைப் பார்த்து அதுபோல் இன்னொன்று செய்வது, அச்சுகள் செய்யும் டை, மோல்டு வேலைகள். ஒரே ஜாபை லட்சக்கணக்கில் ஓட்டும் இடத்தில்தான் ஆள் முதலில் குறையும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஜாப் மாறிக்கொண்டிருக்கும் சின்னப் பட்டறையில், ரோபோவுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் ஆளே வெட்டி முடித்துவிடுவார்.

ஒரு ஆளிடம் நான்கு மெஷின் கொடுக்கிறார்கள். இதுவும் ஆட்டோமேஷன்தானா?

ஆமாம். ஆனால் இதற்கு ரோபோ தேவையே இல்லை. சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். தறி தானாக நிற்குமென்றால் பக்கத்திலேயே ஒருவர் காவல் நிற்க வேண்டாம், ஒருவரே பல தறிகளைப் பார்க்கலாம். இதே யோசனையை டாயிச்சி ஓனோ 1940-களின் கடைசியில் டொயோட்டாவின் மெஷின் ஷாப்புக்குக் கொண்டுவந்தார். முதலில் ஒருவருக்கு இரண்டு மெஷின், பிறகு குதிரை லாட வடிவில் நிறுத்திய மூன்று நான்கு மெஷின்கள். ‘நான் லேத் ஆள், மில்லிங் தொட மாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து அதற்கு எதிர்ப்பும் வந்தது.

வேலைப்பளு குறைகிறதா என்று கேட்டால், உடம்புக்குக் குறைகிறது, தலைக்குக் கூடுகிறது. ஒரு மெஷின் ஓட்டும்போது அதன் சத்தம் காதில் இருக்கும். நான்கு ஓட்டும்போது மூன்றாவது மெஷினின் டூல் கீச்சிடுவது முதல் மெஷினின் கூலன்ட் இரைச்சலில் மூழ்கிவிடும். நான் வாங்கிய பெரிய அடியும் இப்படி ஒரு நாளில்தான். இரண்டு மெஷினுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தபோது, ஆஃப்செட்டில் (டூலின் இடத்தைத் திருத்தும் எண்) 0.05 குறைக்க வேண்டிய இடத்தில் புள்ளியை மாற்றி 0.5 குறைத்துவிட்டேன். பதினோரு ஜாப் குப்பைக்குப் போனது. அதை மெஷின் தப்பு என்று சொல்ல முடியாது. முழுக்க என் தப்பு என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

47 சதவீத வேலைகள் போய்விடும் என்று படித்தேனே?

அது 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இருவர் 702 தொழில்களை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போட்ட கணக்கு. அவர்கள் சொன்னது, 47 சதவீத வேலைகள் தானியக்கமாகக்கூடிய அபாயம் அதிகம் என்பது. போய்விடும் என்பதல்ல. தலைப்புச் செய்தியாகும்போது ‘கூடிய’ என்பது உதிர்ந்துவிட்டது.

2016-இல் ஓஇசிடி என்ற பல நாடுகளின் பொருளாதார அமைப்புக்காக ஆர்ன்ட்ஸ், கிரிகரி, ஜீரான் ஆகியோர் இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒரு தொழிலை மொத்தமாக எடுக்காமல், அந்தத் தொழிலில் இருப்பவர் நாள் முழுக்க என்னென்ன செய்கிறார் என்று பிரித்துக் கணக்கிட்டார்கள். 21 நாடுகளின் சராசரி 9 சதவீதம் என்று வந்தது. நாற்பத்தேழு எங்கே, ஒன்பது எங்கே! இந்த இடைவெளியே நம் தொழிலுக்கு ஒரு பாடம். ‘மெஷின் ஆபரேட்டர்’ என்று கார்டில் ஒரே பெயர்தான் இருக்கும். ஆனால் ஒருவர் பட்டனை மட்டும் அமுக்குகிறார், இன்னொருவர் ஜாபைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரை யோசிக்கிறார், டூல் மாற்றுகிறார், புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் இருவருக்கும் ஒரே விதி. செய்கிற வேலையை வைத்துப் போட்டால் வேறு வேறு.

கணிப்பெல்லாம் இருக்கட்டும். ரோபோ வந்த இடங்களில் உண்மையில் என்ன நடந்தது?

இதற்குத்தான் நல்ல தரவு இருக்கிறது, ஆனால் இரண்டு நாடுகள் இரண்டு கதை சொல்கின்றன. அமெரிக்காவில் 1990 முதல் 2007 வரை நடந்ததை ஆராய்ந்த அசெமோக்லு, ரெஸ்ட்ரெப்போ இருவரும், ஆயிரம் தொழிலாளருக்கு ஒரு ரோபோ கூடினால் வேலையில் இருப்போரின் விகிதம் சுமார் 0.2 சதவீதப் புள்ளியும், கூலி சுமார் 0.4 சதவீதமும் குறைந்தன என்று கண்டார்கள்.

ஜெர்மனியில் ஆளுக்கு அமெரிக்காவைவிட ரோபோ அதிகம். ஆனாலும் அங்கே 1994 முதல் 2014 வரையான தரவில் மொத்த வேலை குறையவில்லை. உற்பத்தித் துறையில் குறைந்ததைச் சேவைத் துறை ஈடுகட்டிவிட்டது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதே நிறுவனத்தில், வேறு வேலைக்கு மாறி, தங்கிக்கொண்டார்கள். சரி, அப்படியானால் யாருக்குத்தான் அடி? உள்ளே வரவேண்டிய இளைஞர்களுக்கு. நிறுவனங்கள் ஆளை வெளியே அனுப்பவில்லை, புதிதாக எடுப்பதைக் குறைத்தன.

ஆட்டோமேஷன் என்றதும் கையில் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வெளியேறும் நடுத்தர வயதுக்காரரைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அது நடப்பதில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட அதிகம் நடப்பது சத்தமில்லாமல் நடக்கிறது. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படுவதில்லை. அதற்குப் போராட்டமும் இல்லை, செய்தியும் இல்லை.

கைத்திறனும் காதும் கண்ணும் இனித் தேவையா? சென்சார் எல்லாம் பார்த்துக்கொள்ளாதா?

50 மி.மீ. எஃகுத் தண்டு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ட்ராயிங்கில் ஹெச்6 என்று, அளவு எவ்வளவு விலகலாம் என்ற அனுமதிக் குறி போட்டிருக்கிறது. அதற்கு அனுமதி மொத்தமே 0.016 மி.மீ. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 11, 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) விரியும். அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். வெட்டி முடித்த ஜாப் 40 டிகிரியில் இருந்தால் அது 0.011 மி.மீ.க்கு மேல் பெருத்து நிற்கும். அனுமதியில் முக்கால் பங்குக்கு அருகில் சூடே தின்றுவிட்டது. இதைத் தெரியாமல் சூட்டோடு அளந்து ‘ஓகே’ போட்டால், ஆறிய பிறகு ரிஜெக்ட்.

மெஷினுக்குள் இருக்கும் புரோப் இதைக் கண்டுபிடிக்காதா? ஜாபின் சூட்டைக் கணக்கில் எடுக்கும்படி யாராவது சொல்லி வைத்திருந்தால் ஒழிய, கண்டுபிடிக்காது. அதோடு, டூலைச் சுழற்றி வெட்டிய அதே ஸ்பிண்டிலில் மாட்டித்தான் புரோப் அளக்கிறது. மெஷினின் அச்சிலேயே கோணல் இருந்தால், கோணலாக வெட்டிவிட்டு, அதே கோணலோடு அளந்து, சரியாக இருக்கிறது என்று சொல்லும். அளக்கும் கருவியை மெஷினுக்கு வெளியே வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றுவதே ஒரு திறமை.

வெட்டி விழும் சுருளின் நிறம் மாறுவது, சத்தத்தில் ஒரு நடுக்கம் ஏறுவது, வெட்டிய முகத்தில் மெல்லிய அலை தெரிவது, பிசிறு வழக்கத்தைவிடத் தடித்து வருவது. இவை எல்லாமே தகவல்தான். சென்சாரும் இவற்றில் சிலவற்றைப் பிடிக்கும். ஆனால் ஸ்பிண்டிலில் சுமை கூடிவிட்டது என்று சென்சார் சொன்ன பிறகு, டூல் நுனியில் வெட்டும் இன்சர்ட் தேய்ந்ததா, கூலன்ட் நாசில் திரும்பிக்கொண்டதா, இந்த லாட்டில் வந்த இரும்பே கடினமா என்று பிரித்தறிவது வேறு விஷயம். கைத்திறன் என்று நாம் சொல்வதில் கையின் பங்கு குறைந்துவிட்டது உண்மை. மீதி அப்படியேதான் இருக்கிறது.

சிஏஎம் மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் புரோகிராம் எழுதுகின்றன. மெஷினுக்கு உத்தரவு எழுதும் ஜி-கோடு கற்பது வீண்தானே?

ஜி01, ஜி02 என்று வரிவரியாக எழுதும் வேலை குறைந்துவிட்டது. அதற்காக அழவேண்டியதில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். மென்பொருள் தந்த புரோகிராமை நம்பி சைக்கிள் ஸ்டார்ட்டை அமுக்கும்போது, டூல், ஜாபை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் மேல் போகுமா கிளாம்புக்குள் போகுமா என்று சொல்ல வேண்டியது யார்? கணினியில் அந்தக் கிளாம்பை யாரும் வரையவில்லை என்றால் மென்பொருளுக்கு அது இல்லாத பொருள். முதல் ஓட்டத்தில் ஃபீடை, அதாவது டூல் நகரும் வேகத்தை, குறைத்து, வரிவரியாக ஓடவிட்டு, ஒரு விரலை நிறுத்தும் பட்டனில் வைத்து நிற்கிற அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் செட்டருக்குச் சம்பளம்.

ஆளே இல்லாமல், விளக்கே போடாமல் ஓடும் தொழிற்சாலைகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. ஜப்பானில் ஃபானுக் நிறுவனத்தில் ரோபோக்களே ரோபோக்களுக்கான பாகங்களைச் செய்கின்றன, நாள்கணக்கில் ஆள் பக்கத்தில் இல்லாமலே. ஆனால் இரவில் ஆளில்லாமல் ஓட வேண்டுமென்றால் பகலில் அதற்கான வேலை அத்தனையும் முடிந்திருக்க வேண்டும்: டூல்கள் மாற்றாகத் தயார், சுருள் சிக்காத வெட்டும் முறை, ஒரே தரமான மூலப்பொருள். இதில் ஒன்று தவறினாலும் காலையில் வந்து பார்த்தால் இரவு பதினொன்றேகாலுக்கே நின்றுபோன மெஷின் சிவப்பு விளக்கோடு காத்திருக்கும்.

ஆட்டோமேஷனால் நல்லதே இல்லையா?

உண்டு. முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட் 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலையில் செய்த வேலை, டை காஸ்டிங் மெஷினிலிருந்து சூடான வார்ப்புகளை எடுப்பது. அந்த வேலையை நினைத்து ஏங்குகிறவர் யாரும் இல்லை. இருபது கிலோ ஜாபை ஷிஃப்டுக்கு இருநூறு முறை தூக்கிய முதுகுகளைக் கேட்டுப் பாருங்கள். கூலன்ட் பட்டுப் பட்டு வெடித்த கைகள், சுற்றும் சக்கில் சிக்கிய சட்டைக் கை, இவையெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் போய்விட்டன.

கைலேத்தில் கற்றுக்கொள்வது நேர விரயமா?

சில மாதங்கள் கற்றுக்கொள்ளுங்கள், சில வருடங்கள் அல்ல. ஃபீடைக் கையால் சுற்றும்போது உலோகம் எதிர்ப்பது உள்ளங்கையில் தெரியும். பித்தளைக்கும் ஸ்டெயின்லெஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்தால் அது எண். கையில் பட்டால் மறக்காது. அதற்குப் பிறகு போய் சிஎன்சி திரையில் ஃபீடைக் கூட்டும்போது, என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்வீர்கள். அதோடு அளவுக்கருவிகள், ட்ராயிங் படிப்பது, குறிப்பாக வடிவ, இட அனுமதிக் குறியீடுகள். இவை எந்த மெஷின் வந்தாலும் பழசாகாது. ரோபோவுக்குப் புள்ளிகள் கற்றுக்கொடுக்கும் அடிப்படையை எந்த வயதிலும் பழகலாம். ஐம்பது வயதில் அதை எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திரை புதிதாக இருந்தது, ஜாப் புதிதாக இல்லை. இளையவருக்கு நேர்மாறு. எது சீக்கிரம் பழகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

திறமையான ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். வேலையே இல்லை என்றும் சொல்கிறார்கள். எது பொய்?

இரண்டும் உண்மை. முன்பு ஒரு பையன் உள்ளே வந்தால் முதல் வருடம் ஜாப் மாட்டுவான், சுருள் அள்ளுவான், அளப்பான். சலிப்பான வேலைதான். ஆனால் அந்தச் சலிப்புக்கு நடுவேதான் செட்டர் பக்கத்தில் நின்று, அவர் ஏன் இன்சர்ட்டை இப்போது மாற்றினார், ஏன் சக்கின் பிடிகளான ஜாவை மறுபடி கடைந்தார் என்று பார்த்துப் பார்த்துக் கற்றான். மூன்றாவது வருடம் சின்ன ஜாப்களை அவனே செட் செய்வான்.

ரோபோ எடுத்துக்கொண்டது அந்த முதல் வருடத்தை. ஏணியின் கீழ்ப்படிகளைக் கழற்றிவிட்டு, மேலே ஆள் வரவில்லையே என்று எட்டிப் பார்க்கிறோம். இதற்கு நிறுவனங்கள்தான் செலவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. முன்பு ஜாப் மாட்டும் வேலைக்குச் சம்பளம் கொடுத்ததில் பயிற்சி இலவசமாக நடந்துவிட்டது. இப்போது பயிற்சிக்கென்றே தனியாகச் சம்பளம் கொடுத்தால்தான் நடக்கும். கணக்கேட்டில் அது செலவாகத் தெரிவதால் யாரும் முதலில் செய்ய விரும்புவதில்லை. பயிற்சி கொடுத்து முடித்ததும் பக்கத்துக் கம்பெனி அந்த ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயமும் நியாயமானதுதான்.

எங்கள் ஷாப்பில் அடுத்த மாதம் ரோபோ நிறுவப் போகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

நிறுவ வருகிறவர்களின் பக்கத்தில் நில்லுங்கள். லீவு போடாதீர்கள், இரவு ஷிஃப்ட் என்றால் மாற்றிக் கேளுங்கள். அவர்கள் ஒரு வாரமோ இரண்டு வாரமோ இருப்பார்கள், உங்கள் ஜாபில் எது வழக்கமாகத் தகராறு செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. வார்ப்பில் ஓரம் தூக்கிய துண்டு வந்தால் கிரிப்பர் என்ன செய்யும், சக்கில் சுருள் ஒட்டியிருந்தால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் கிளம்பிய மூன்றாம் நாள் அது கட்டாயம் நிற்கும். அப்போது சூப்பர்வைசர் யாரைத் தேடுவார் என்பது அந்த நோட்டு யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.